நாலாம் நம்பர் ஷெட்டு

மோகன்குமார் வீட்டு வாசலில் மருந்துத் தட்டு வைத்திருக்கிறான் என்று பால்காரர் வந்து சொன்னபோது நான் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

கோழிப்பண்ணை வைத்திராதவர்களுக்கு இது விளங்காது. நாமக்கல் பக்கம் எந்தக் கோழி ஷெட்டுக்குள் நுழைவதானாலும் வாசலில் ஒரு தட்டில் பர்மாங்கனேட் கரைத்த தண்ணீர் இருக்கும். நாவல்பழத்தை நசுக்கினாற்போல ஊதா நிறம். வெளியே மிதித்துவிட்டு வந்த நோய் கோழிக்குத் தொற்றக்கூடாது என்று பாதத்தை அதில் நனைத்துக்கொண்டுதான் உள்ளே போவோம். அது ஷெட்டு வாசலில் இருக்க வேண்டிய பொருள். வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறது? பண்ணைக்குள் சீக்கு வந்திருக்க வேண்டும். வந்ததை மறைக்கிறான். அவன் வேலிக்கு இந்தப் பக்கம் என் ஷெட்டு இரண்டு, பதினாலாயிரம் உருப்படி. எனக்குக் கோபம் வருமா வராதா?

எனக்குக் கோபம் கொஞ்சம் சுருக்கத்தான் வரும். அதை நான் மறைக்கவில்லை.

மோகன்குமார் எனக்கு மாப்பிள்ளை முறை. அவன் பெண்டாட்டி ஸ்ரீதேவி எங்கள் ராசிபுரத்துப் பங்காளி வீட்டுப் பெண். என்னை அண்ணா என்பாள். பதினெட்டு வருசத்துக்கு முன்னால் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவனே நான்தான். அந்த வீட்டில் நல்லது நடந்தால் என்னை யாரும் நினைப்பதில்லை. கெட்டது நடந்தால் முதலில் என் வாசலுக்குத்தான் ஆள் வரும்.

போய்ப் பார்த்தேன். பால்காரர் பொய் சொல்லவில்லை. படிக்குக் கீழே இட்லிக் குண்டானின் பழைய மூடி மல்லாந்து கிடந்தது. அது நிறைய ஊதாத் தண்ணீர். வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் ஊதாப் பாதச் சுவடு வரிசையாகப் போயிருந்தது. ஸ்ரீதேவி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் அம்மிணி, என்ன இது?"

"எனக்கென்னுங்ணா தெரியும்? போன வெசாழக்கெழம சேலத்துல இருந்து வந்ததும் கரைச்சு வெச்சாரு. ஏனுங்கன்னு கேட்டா, 'அது இருக்கட்டும்'ங்கறாரு. ஊட்டுக்குள்ள வாரப்பெல்லாம் காலை நனைச்சுட்டுத்தான் வாராரு. நான் தொடைச்சுத் தொடைச்சு இடுப்பே போச்சு."

"கோழி விழுகுதா? நெசத்தச் சொல்லு."

"தெனமும் விழுகறதுதானுங்ணா. ரெண்டோ மூணோ."

நான் நம்பவில்லை. செத்த கோழியைப் போடும் குழிக்கே நடந்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றே மூன்று கிடந்தன. கொண்டை சிவப்பாகத்தான் இருந்தது, மூக்கில் சளி இல்லை, எச்சத்தில் பச்சை இல்லை. சீக்கு இல்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் எதற்குத் தட்டு? சீக்கு இருந்திருந்தால்கூட நான் நிம்மதியாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

திரும்பி வந்தபோது ஸ்ரீதேவி கையில் ஒரு அட்டையோடு நின்றாள். ஷெட்டில் தொங்கவிடுகிற அட்டைதான். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒன்று உண்டு. நாள், செத்தது, எடுத்த தீவனம், முட்டை, குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கும். பொழுதோடு ஷெட்டை மூடும்போது எழுதிவிட்டுத்தான் கை கழுவுவோம்.

"இதுக்கு என்ன சொல்றீங்கண்ணா? அவரு பீரோவுல துணிக்கடியில இருந்துச்சு."

மேலே 'ஷெட்டு எண் 4' என்று எழுதியிருந்தது. மோகன்குமாருக்கு ஷெட்டு மூன்றுதான். கட்டங்களில் அவன் கையெழுத்து. செத்தது: இல்லை. தீவனம்: பாதிதான் எடுத்தது. சத்தம்: 2. குறிப்பு: மூன்று மணிக்கு மிரண்டது. அடுத்த நாள், சத்தம்: 1. தீவனம்: பாதி. அதற்கடுத்த நாள், சத்தம் இல்லை, ஆனாலும் மிரண்டது. இப்படி இரண்டு மாசம்.

"நமக்குத் தெரியாம சேலத்துப் பக்கம் எங்கியோ ஷெட்டு புடிச்சிருக்காரு," என்றாள். "ஷெட்டுன்னா அங்க ஆளு இருக்கும். ஆளுன்னா ஊடு இருக்கும். அந்த ஊட்டுக்குப் போறதுக்குத்தான் வெசாழக்கெழம வெசாழக்கெழம மொழுக்கட்டையாச் செரைச்சுக்கிட்டுப் பஸ் ஏறறாரு. அங்கிருந்து வாரப்ப காலைக் கழுவிட்டு வாராரு. சரியாப் போச்சுங்ளா?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அவன் ஏன் சேலம் போகிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம், மகள் ரஞ்சனி கணக்குப் பரீட்சையில் மார்க்கு வாங்கவில்லை என்று பேச்சு வந்திருக்கிறது. பதினோராம் வகுப்பு. அவள் ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். இவன் கையிலிருந்த சொம்பை வீசிவிட்டான். இடது புருவத்தில் ஐந்து தையல். நாமக்கல்லில் தையல் போட்ட டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு ஸ்ரீதேவி, "கீழ விழுந்துட்டாளுங்க," என்றாள். ரஞ்சனி மட்டும், "எங்கப்பா எறிஞ்சாரு," என்று பட்டென்று சொல்லிவிட்டாள். டாக்டர் தையலை முடித்துவிட்டு ஒரு சீட்டில் சேலத்து விலாசம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மனநல ஆலோசகர், தனப்பிரியா.

அவன் கை நீட்டுவது அது முதல் தடவை அல்ல. முன்னாலேயே மூன்று தடவை நானே அவனைக் கருப்பணார் கோயிலுக்கு அழைத்துப் போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இனி பொம்பளைகள் மேல் கை வைக்கமாட்டேன், கத்தமாட்டேன் என்று. முதல் சத்தியம் ஏழு மாசம் தாங்கியது. அடுத்தது மூன்று மாசம். கடைசியது பொங்கல் நோம்பியைக்கூடத் தாண்டவில்லை. நாலாவதுக்கு நான் கிளம்பியபோது ஸ்ரீதேவி குறுக்கே நின்றாள்.

"கருப்பணாரு பாவமுங்ணா, அவர விட்டுருங்க. இந்தச் சீட்டுல இருக்கற எடத்துக்குப் போகட்டும். ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எம்புள்ள தானா வந்து இந்த ஊட்டுல உக்காரோணும். இல்லீன்னா நானும் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். அப்பறம் ஆரு வந்து கூப்புட்டாலும் வாரதில்ல."

ரஞ்சனி அன்றைக்கே ராசிபுரத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே பள்ளிக்கூடத்து பஸ்ஸில் போய்வருகிறாள். அந்தப் பெண் இல்லாமல் பண்ணையே வெறிச்சென்று போயிற்று. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இரண்டாம் ஷெட்டிலேயே கிடப்பாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து படிப்பாள். கோழி என்றால் உயிர் என்று மோகன்குமார் ஊரெல்லாம் சொல்வான். பொறந்தா பண்ணைக்காரன் வீட்டில் இப்படி ஒன்று பொறக்கோணும் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

"கத்துறாரா இப்ப?" என்று ஸ்ரீதேவியைக் கேட்டேன்.

"மொதல்ல கத்துனாருங்ணா. இப்ப ஒரு மாசமாக் கொரலே எழும்பறதில்ல. கொழம்புல உப்பு இல்லீன்னாலும் மெதுவாத்தான் சொல்றாரு. எனக்கு அதுதானுங்ணா பயமா இருக்குது. கத்துனா எப்ப ஒதுங்கோணும், எந்தச் செவுத்தோரம் நிக்கோணும்னு பதினெட்டு வருசமாத் தெரியும். இதுக்கு எங்க போயி நிக்கறதுன்னு தெரீலியே. சோறு எறங்க மாட்டீங்குது."

புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவள் முகம் இன்னும் வெளிறிப் போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை அவன் மத்தியானம் பஸ் ஏறியதும் என் பழைய வேனில் ஸ்ரீதேவியை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். சேலத்தில் அழகாபுரம் தாண்டி ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேல் மாடியில் அந்தப் பெயர்ப்பலகை. அவன் படி ஏறுவதைப் பார்த்தோம். எதிரே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொண்டு மாடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் பீட்ரூட் துருவலை வழித்துத் தின்று முடித்தேன். அவள் தட்டில் இருந்தது சட்னியில் ஊறி நமுத்துப்போனது.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே கீழ்ப்படிக்கு வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டான். ஸ்ரீதேவி அவனைத் தாண்டி விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டாள். நானும் முட்டிவலியோடு ஏறினேன்.

மேலே முப்பத்தைந்து வயசில் ஒரு பொம்பளை, பருத்திப் புடவை, கண்ணாடி. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். அவ்வளவுதான். ஊசி இல்லை, மருந்து அலமாரி இல்லை, சாமி படம்கூட இல்லை. எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

"இப்பப் போனாரே, அவரு சம்சாரங்க நான். அவரு இங்க வந்து என்ன சொல்றாரு? நீங்க என்ன சொல்லிக் குடுக்கறீங்க?" என்றாள் ஸ்ரீதேவி.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. இங்க யாரு வர்றாங்க, என்ன பேசறாங்கன்னு நான் வெளிய சொல்ல முடியாதும்மா. நாளைக்கு நீங்க வந்து ஏதாவது சொன்னாலும் அதையும் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"கட்டுன பொண்டாட்டிகிட்டயே சொல்லக்கூடாத சமாச்சாரமா?"

"அவருகிட்டயே கேளுங்கம்மா."

நான் பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்தேன். "ஏனுங், ரெண்டு மூணு மாசமா வாரான். ஒரு மாத்திர உண்டா? எங்க கோழிக்குக்கூட மூணு டோஸ், அஞ்சு டோஸுன்னு ஒரு கணக்கு இருக்குது. இவனுக்கு எத்தன டோஸு? எப்பச் சரியாவும்? கேரண்டி குடுப்பீங்களா?"

அந்தப் பொம்பளை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மாத்திர தேவைப்படறவங்கள நான் டாக்டருகிட்ட அனுப்பிருவேங்க சார். கேரண்டி யாரும் குடுக்க முடியாது. நான் யாரையும் மாத்தறதில்ல. அவங்கவங்கதான் தங்களப் பாத்துக்கறாங்க, நான் கூட இருக்கறேன்." பிறகு ஸ்ரீதேவியிடம் திரும்பி, "நீங்க இப்ப வீட்டுல பயமில்லாம இருக்கீங்களாம்மா? எந்த நேரமானாலும் ஆபத்துன்னு தோணுச்சுன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. பொறுத்துப் போகணும்னு நான் சொல்லவே மாட்டேன்," என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள்.

ஸ்ரீதேவி அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பதினெட்டு வருசத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேரண்டி இல்லாத வைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே நான் இறங்கினேன்.

மோகன்குமார் வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். மல்லூர் தாண்டியதும் ஸ்ரீதேவி முந்தானைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினாள்.

"நாலாம் நம்பர் ஷெட்டு எங்க இருக்குதுங்க?"

அவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நம்ம ஊடுதான்," என்றான்.

நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. அவன் பேசியது அந்தச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, சன்னமாகப் பேசினான்.

"மொத நாலு வாரம் அந்தம்மாகிட்ட பொய்தான் சொன்னேன் மச்சான். கோவம் என்ற கையில இல்லீங்க, எங்கப்பனுக்கும் இப்படித்தான், ரத்தத்துல வந்ததுன்னு சொன்னேன். அந்தம்மா எதுத்துப் பேசல. 'உங்களுக்குக் கோவமே வராத எடம் எதாச்சும் இருக்குதா? ஒரு வாரம் பாத்துட்டு வாங்க'ன்னுச்சு. அப்படி எடமே இல்லீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த செவ்வாக்கெழம மூணாம் ஷெட்டுல வேல செய்யற அந்த ஒடிசாக்காரன் கால் தடுக்கி ஆறு அட்ட முட்டையக் கீழ போட்டுட்டான். நூத்தியெம்பது முட்ட. நான் பக்கத்துல நிக்கறேன். 'பரவால்லடா, கண்ணாடி மாதிரி வழுக்குது, பாத்து நட'ன்னு குசுகுசுன்னு சொல்றேன். சொல்லிட்டு வெளிய வந்தவன் அப்படியே நின்னுட்டேன். இதே நூத்தியெம்பது முட்ட ஊட்டு வாசல்ல ஒடைஞ்சிருந்தா?"

ஷெட்டுக்குள் யாரும் கத்தமாட்டோம். அது எங்கள் தொழிலின் முதல் பாடம். சத்தம் கேட்டால் கோழி மிரளும், கூண்டில் அடித்துக்கொள்ளும், நாலு நாளைக்கு முட்டை குறையும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கமாட்டோம். தீவன லாரிக்காரன் ஹாரன் அடித்தால் சண்டைக்குப் போவோம். தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிவந்து தும்முவோம்.

"அதப் போயிச் சொன்னேன். 'அங்க ஏன் கோவம் வரல?'ன்னு கேட்டுச்சு. கோழி மிரளும்ங்கன்னேன். 'வீட்டுல?' அப்படின்னுச்சு. அவ்வளவுதான் மச்சான் கேட்டுச்சு. கோவம் என்ற கையில இல்லீன்னு சொன்னதெல்லாம் பொய்யி. இருவது வருசமாக் கையிலதான் வெச்சிருக்கறேன். கோழிக்கு அடக்குனேன், இவங்களுக்கு அடக்கல." அவன் மூக்கை உறிஞ்சினான். "அட்ட நானாத்தான் எழுதறேன். தட்டும் நானா வெச்சதுதான். அந்தத் தண்ணில கால வெச்சாப் போதும், கொரலு தன்னால எறங்கிருது. இருவது வருசப் பழக்கம்."

"தீவனம் பாதிங்கறது?" என்றாள் ஸ்ரீதேவி.

"நீ சாப்புடறது."

அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன அழுக?" என்று நான் கேட்டேன். எனக்கு முழுசாகத் தெரிந்தாக வேண்டும்.

"எங்கப்பன் அடிக்க வந்தா நான் எங்க ஓடுவேன்னு கேட்டுச்சு. ஷெட்டுக்குத்தான். தீவன மூட்டைக்குப் பின்னால போயி உக்காந்துக்குவேன். அப்பன் வாசல் வரைக்கும் வருவாரு, உள்ள வந்து கத்தமாட்டாரு. மணிக்கணக்கா உக்காந்திருப்பேன். அது எனக்கு மறந்தே போயிருந்துச்சு மச்சான்."

அவன் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதான். நான் வண்டியை எடுத்தேன். கேட்க நல்லாத்தான் இருந்தது. நல்லா இருக்கிற பேச்சை நான் உடனே நம்புவதில்லை. கற்பூரம் அடித்தபோதும் இதே கண்ணீரைப் பார்த்தவன் நான்.

வீட்டு முன்னால் இறங்கும்போது அவன் என் பக்கம் குனிந்து, "ஏன் மச்சான், நீங்களும் ஷெட்டுக்குள்ள கத்துறதில்லியே?" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அன்றைக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தார்கள். எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு ஏனோ பிடிக்கவில்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரி ஏன் என்று கேட்கவில்லை. அவள் எப்போதும் கேட்பதில்லை.

சித்திரை பிறந்தது. அந்த வருசம் வெயில் கொன்றெடுத்தது. மத்தியானத்தில் நாற்பத்தொன்று. கோழிக்கு வேர்க்காது; வாயைப் பிளந்துகொண்டு இரைக்கும், தாங்கவில்லை என்றால் கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். ஷெட்டில் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கிற குழாய் மதியம் முழுக்க ஓட வேண்டும்.

பரீட்சை முடிந்து ரஞ்சனி துணிமணி எடுத்துப்போக ஒருநாள் வந்தாள். ஐந்து மாசத்துக்கப்புறம் முதல் தடவை. மோகன்குமார் தீவன மில்லுக்குப் போயிருந்தான். குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்று அவள் தொட்டி வால்வை வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறாள். திருப்பினதை மறுபடி ஷெட்டுப் பக்கம் விட மறந்துவிட்டாள். ஒரு மணி நேரம் மூன்றாம் ஷெட்டில் தெளிப்பு இல்லை.

ஒடிசாக்காரன் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். அதே நேரம் மோகன்குமாரும் வந்து சேர்ந்தான். குடத்திலும் பக்கெட்டிலும் மொண்டு மொண்டு ஊற்றினோம், சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். எல்லாம் முடிந்து பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் செத்துக் கிடந்தன. அவன் வீட்டைப் பார்த்து நடந்தான். நடையே சரியில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசல் தட்டில் தண்ணீர் இல்லை. வெயிலில் சுண்டிப்போய் அடியில் ஊதாக் கறை மட்டும் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்காமலே தாண்டி உள்ளே போனான்.

"எவடி வால்வத் திருப்புனது!"

பழைய குரல். சன்னல் கம்பி அதிர்ந்தது. ரஞ்சனி கையை இடது புருவத்தின் மேல் வைத்துக்கொண்டாள். தழும்பு இருந்த இடம். ஸ்ரீதேவி இரண்டு பேருக்கும் நடுவே வந்துவிட்டாள். ரஞ்சனி பின்வாசல் வழியாக ஓடினாள். எங்கே ஓடினாள் என்று அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். நேராக இரண்டாம் ஷெட்டுக்குள். தீவன மூட்டை அடுக்கியிருக்கிற மூலைக்கு.

அவன் ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் வெளியே வந்தான். காய்ந்துபோன தட்டின் மேல் ஏறி இரண்டு காலையும் வைத்து நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. மூடி கொதித்திருக்கும். அப்புறம் ஷெட்டு வாசலுக்கு நடந்தான். உள்ளே போகவில்லை. நிலைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

"சாமி," என்று மகளை மெதுவாகக் கூப்பிட்டான். "நான் கத்திட்டேன். வால்வ மறக்கறது ஆருக்கும் வாரதுதான். கத்துனது என்ற தப்பு. நான் உள்ள வரல."

கோழிகள் கொறுகொறுவென்று முனகிக்கொண்டிருந்தன.

"நீங்க கத்துறதக் காட்டிலும் இப்ப மெதுவாப் பேசறீங்களே, இதுதாம்ப்பா எனக்குப் பயமா இருக்குது," என்றாள் ரஞ்சனி. "இது எத்தன நாளைக்கு? அம்மா நம்பலாம். நான் நம்பல."

"நம்பாத சாமி. ஷெட்டுக்குப் புது ஆளு வந்தா எத்தன நாளைக்குக் கோழி மிரளும்? சட்டக் கலரு மாத்துனாலே படபடன்னு அடிச்சுக்கும். மிரள்ற கோழிய நாம திட்டறமா? தெனமும் அதே மாதிரி மெதுவா நடக்கறோம், அதுவா அடங்கற வரைக்கும். நீ மிரளு. எத்தன நாளானாலும் மிரளு. நான் நடந்து காட்டறேன்."

பேசிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினான். எழுதியதை நிலைக்கு உள்ளே தள்ளி வைத்தான். அவள் வந்து எடுத்துப் படித்தாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் படித்தாள். அன்றைய கட்டத்தில் 'சத்தம் 1, நான்தான்' என்றிருந்தது. அட்டையை அவன் கையில் கொடுக்காமல் மண்ணில் வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ராசிபுரம் போய்விட்டாள்.

"வந்த புள்ளைய மறுபடியும் தொரத்தியாச்சு," என்று ஸ்ரீதேவி அழுதாள். "இனி எங்க வரப்போறா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் வியாழக்கிழமை தவறாமல் பஸ் ஏறினான். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. தட்டில் தண்ணீர் காயவிடுவதில்லை. வெடியால ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மாற்றினான். நான் வேலியோரம் நின்று காது கொடுத்துக் கேட்பேன். ஒரு நாள்கூடச் சத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் பாதியில் நின்றது. பாதியில் நின்ற சத்தத்தை அந்த வீட்டிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. இருந்தாலும் ஆடி பத்தாம் தேதி வாக்கில் ஸ்ரீதேவி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. மோகன்குமார் பெட்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தட்டுத் தண்ணீரை மாற்றப் போனான்.

ஆடிப் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முட்டை வண்டி விஷயமாகப் பேச நான் அங்கே போயிருந்தேன். பதினோரு மணி பஸ் நின்று போயிற்று. ரஞ்சனி இரண்டு பையோடு தடத்தில் நடந்து வந்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மோகன்குமார் வாசலில் நின்றவன், ஷெட்டுக்குள் நிற்பதுபோல, கையைக்கூட ஆட்டாமல் நின்றான்.

அவள் தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நானும் மிதிக்கோணுமா?"

"வேண்டாஞ் சாமி. அது எனக்கு வெச்சது."

அவள் தட்டைத் தாண்டி உள்ளே போனாள். கூடத்தில் நட்டநடுவே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சுவரோரம்தான் உட்காருவாள். பையை மடியை விட்டு இறக்கவில்லை. ஸ்ரீதேவி அடுப்படிக்கு ஓடி, அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய் விட்டு எடுத்துவந்தாள்.

மோகன்குமார் தட்டில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எதையோ கேட்கப் பயந்தவன்போல நின்றுகொண்டே கேட்டான். "சாப்புட்டு, ஷெட்டுப் பக்கம் போயிட்டு வாரியா சாமி?"

"எதுக்குப்பா?" ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "எனக்குக் கோழின்னாவே புடிக்காது. அந்த நாத்தமே ஆவாது. எப்பவுமே புடிச்சதில்ல."

நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தோம். இத்தனை வருசம் அவன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம்.

"செரி," என்றான். "அப்ப இங்கியே உக்காரு."

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில், தன் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.